கீழ்வீட்டு வாளி

"ஊர்த் தண்ணிய வித்தா இப்ப என்ன, குடியா முழுகிடும்?"

"குடி முழுகாது. குளோரின்ல முழுகும். அந்தத் தண்ணில டீ போட்டுக் குடிச்சுப் பாத்திருக்கியா நீ? நீச்சல் குளத்த வடிகட்டின மாதிரி..."

"நான் பேசி முடிச்சுக்கறேன், நைரி..."

"...டவுன்காரங்க அதத்தான் டீன்னு நெனச்சுக் குடிச்சிட்டிருக்காங்க..."

"பேசி முடிச்சுக்கறேன்னு சொல்றேன்ல! வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒவ்வொரு சொட்டையும் காய்ச்சிக் குடிச்சிட்டிருக்கோம். டாங்கிவை குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்தப்புறமும் உனக்கு டீ ருசி கேக்குதா?"

"காய்ச்சினா என்ன, குறைஞ்சா போயிடுவோம்? அடுப்பு இல்லயா எல்லார் வீட்லயும்?"

"அடுப்பு இருக்கு. எனக்கு முட்டிதான் இல்ல. மழை விட்டா ஓடைக்கு ஏறிப் போயி, குழாய் வாயில அடைச்ச இலைய வழிச்சுப் போடறது யாரு?"

"நாந்தான் போறேன். உன்ன யாரு கூப்ட்டா?"

"அதான் சொல்றேன். நீ போற. இந்த வயசுல வழுக்குப் பாறை மேல தனியாப் போற. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

"ஆறு மணிக்கு நீ போன் பண்ணுவல்ல. எடுக்கலன்னா அப்பத் தெரியும்."

டெஸ் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

இருவருக்கும் நடுவில் டெஸ் ட்ரெம்பாத்தின் கேட் இருந்தது. உள்ளே டெஸ், வெளியே நைரி. அவனுடைய கிழட்டு ஆட்டுநாய் ஜெட், பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் இருவரையும் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துப் படுத்துவிட்டது. பூமியின் இந்தத் தென்கோடியில் மே மாதம் என்றால் குளிர் தொடக்கம், காற்று கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பேசும்போது இரண்டு பேர் வாயிலிருந்தும் புகை வந்தது.

"சனிக்கிழமை கூட்டத்துல நீ என்ன சொல்லப்போற?" என்றான் டெஸ், குரலைத் தணித்து. "அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"சனிக்கிழமை தெரியும்."

"எம் பொண்ணு கார்ஸ் எனக்கு ரூம் கட்டி வெச்சிருக்கா, நைரி. நெல்சன்ல. மாடிப்படி இல்லாத ரூம். பெயின்ட் வாசனை கூடப் போயிருக்கும் இந்நேரம். சட்டப்படி இந்தத் தண்ணிக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பாளின்னு பேர் போட்டு நிக்கணும். என் பேர் நிக்குது. எடுத்துக்கறதுக்கு எவனும் இல்ல. வித்தாத்தான் நான் இங்கேர்ந்து நகர முடியும். தெரிஞ்சுதான பேசற?"

"தெரிஞ்சுதான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு நைரி மேட்டில் ஏறத் தொடங்கினாள்.

தெரிந்துதான் பேசினாள். அதுதான் விஷயமே. குளோரினும் டீயும் சும்மா. ஊர் தண்ணீரை விற்றால் டெஸ் போய்விடுவான், விற்காவிட்டால் இருப்பான். மாடிப்படி இல்லாத அந்த அறையைப் பற்றி அவன் முதல்முதலாகச் சொன்ன நாளிலிருந்து அவள் மனதில் வேறு கணக்கே இல்லை.

கரேரே குடாவில் பதினாறு வீடு. மலை ஓடையில் ஒரு தடுப்பு, அதிலிருந்து ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து ஒரு குழாய். அந்தக் காலத்தில் குடாக்காரர்கள் தாங்களே தோண்டிப் போட்டது. அரசாங்கம் வரவில்லை, நகரசபை வரவில்லை. இவர்கள் தண்ணீருக்கு இவர்களே முதலாளி. தொட்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கிற மேல்வீடு நைரியுடையது. அங்கிருந்து சரிவில் இறங்கி இறங்கி, கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேருகிற கீழ்வீடு டெஸ்ஸுடையது. நடுவில் இருக்கிற வீடுகளெல்லாம் கோடைக்கு வந்து போகிறவர்களின் வீடுகள். டிசம்பரில் குழந்தை சத்தமும் படகு சத்தமுமாக இருக்கும். ஈஸ்டர் முடிந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். கரையோரக் கிளைக் குழாயில் மட்டும் ஐந்து வீட்டில் சிப்பிப் பண்ணைக்காரர்கள் வருஷம் பூராவும் இருந்தார்கள். அவர்களும் விடியலில் படகேறினால் இருட்டித்தான் வருவார்கள். மலைப்பக்கத்தில் குளிர்காலப் பகலில் புகை கிளம்புகிற கூண்டு இரண்டே இரண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே.

நைரியின் புருஷன் ஆல்ஃப் இருந்தவரை தொட்டி அவன் பொறுப்பு. அவன் போனபிறகு அவள் பொறுப்பு. டெஸ் தலைவன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழேயிருந்து மேலே போன் வரும். அது ஆல்ஃப் காலத்து ஏற்பாடு.

"மேல எவ்வளவு?"

"முக்கால். கீழ எப்படி வருது?"

"நல்லா வருது."

இவ்வளவுதான் பேச்சு. குழாயில் எங்கேயாவது உடைப்பு இருந்தால் மேலே குறையும், கீழே வராது. இரண்டு தலைப்பிலும் ஆள் நின்று சொன்னால்தான் நடுவில் என்ன நடக்கிறதென்று தெரியும். அரை நிமிஷத்துப் பேச்சு. ஆனால் அந்த அரை நிமிஷம் வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு போயிற்று. கோழி முட்டை விடுகிறதா, ரக்பியில் எவன் காலை உடைத்துக்கொண்டான், அந்த சூப்பில் என்ன போட்டாய், என் முட்டி இன்றைக்கு என்ன சொல்கிறது. டெஸ்ஸின் பெண்டாட்டி மொய்ரா இறந்தபிறகு ஒருநாள் அந்தப் போனில் அவன் ஒன்றுமே பேசவில்லை. அவளும் பேசவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிற வாசனை வந்தும் நைரி போனை வைக்கவில்லை.

ஊர்த் தண்ணீரை விலை பேசுகிற வெளியூர்க் கம்பெனி வாங்கினால் தொட்டியில் ஒரு கருவி வைப்பார்களாம். நீர்மட்டம் எவ்வளவு என்று அது தானாகவே கிரைஸ்ட்சர்ச் நகரத்து ஆபீஸுக்குச் சொல்லிவிடுமாம்.

ஓட்டு எப்படிப் போடுவது என்பதற்குக் கரேரேவில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை மூடிக்கொண்டு போகிறவர்கள் கேட் கம்பத்தில் இருக்கிற வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகவேண்டும். மலைச்சரிவில் மொபைல் எடுக்காது. கவிழ்ந்த வாளியைப் பார்த்தால் நைரி போய் அந்த வீட்டு வால்வை மூடிவிடுவாள். இல்லாவிட்டால் உறைபனியில் குழாய் வெடித்து, யாருமில்லாத வீட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்தால் வாளியை நிமிர்த்தி வைத்து அவளுக்குக் குரல் கொடுக்கவேண்டும். வாளி கவிழ்ந்திருக்கிற வீட்டின் ஓட்டு, குழாய் வழியில் அதற்கு மேலே நிமிர்ந்திருக்கிற முதல் வாளிக்குப் போகும். மேலே இருக்கிறவன்தான் முதலில் தண்ணீர் எடுக்கிறான், கீழே இருக்கிறவனுக்கும் சேர்த்து அவன் வாயால் பேசட்டும், அப்போதுதான் பயந்து பேசுவான் என்று குழாய் போட்ட பெரியவர்கள் வைத்தது. வெளியூர்க்காரர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. மூன்று மணி நேரம் மலைப்பாதையில் கார் ஓட்டி எவன் வந்து ஓட்டுப் போடுவான்?

ஆக, குளிர்காலத்தில் சரிவு முழுக்கக் கவிழ்ந்த வாளிகள். அத்தனை ஓட்டும் ஏறி ஏறி மேல்வீட்டுக்கு வந்து சேரும். ஊரில் பாதிக்கு மேல் ஓட்டு நைரியின் கையில். கரைப்பக்கத்து ஐந்து வீடும் டெஸ்ஸும் சேர்ந்து தலைகீழாக நின்றாலும் அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது.

"மேல?"

"முக்கால்."

"சரி."

"கீழ எப்படி..." என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் கம்பெனி ஆள் வந்தான். லாக்லன் என்று பேர். கையில் தட்டையாக ஒரு கம்ப்யூட்டர், காலில் இன்னும் சேறு பார்க்காத பூட்ஸ். வயது நாற்பது இருக்கலாம், ரொம்ப மரியாதை. தொட்டியைச் சுற்றிவந்து போட்டோ எடுத்தான். "இதக் கட்டினவங்க நல்லாக் கட்டியிருக்காங்க மேடம்" என்றான்.

"என் புருஷன்."

"ஓ. ரொம்ப நல்லா இருக்கு."

"அதான் வாங்க வந்திருக்கீங்களே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த மலையில் காலைநேரத்தில் வாசலுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது, கேட்டிலேயே கல்லெறிந்து விரட்டுவதற்குச் சமம். நைரி கெட்டிலைத் தொடவில்லை. அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "மத்த வால்வையெல்லாம் நானே பாத்துக்கறேன் மேடம், தேங்க்ஸ்" என்று இறங்கிப் போனான். போனபிறகு அவளுக்கு மனசு உறுத்தியது. உறுத்தட்டும் என்று துணி துவைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஆறு மணிக்குப் போன் வரவில்லை.

ஆறரைக்கு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். டயல் சத்தம் இருந்தது. எடுத்த நேரத்தில் அவன் கூப்பிட்டுவிட்டால்? அவசரமாக வைத்தாள்.

"ரோஷமா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். "இருக்கட்டும். எத்தன நாளைக்கு இருப்ப?"

வெள்ளிக்கிழமை மத்தியானம், முட்டை கொடுக்கிற சாக்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஹார்ட்நெல் வீடு, கவிழ்ந்த வாளி. அதற்கடுத்த வீடு, கவிழ்ந்த வாளி. அடுத்த வீட்டில் குழந்தைகள் ஊஞ்சலைக் கழற்றக்கூட மறந்து போயிருந்தார்கள். அது காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பினால் டெஸ்ஸின் கேட்.

கம்பத்தில் வாளி கவிழ்ந்திருந்தது.

நைரி நின்ற இடத்திலேயே நின்றாள். காரைக் காணோம். கூண்டில் புகை இல்லை. திரை இழுத்து மூடியிருந்தது. "ஜெட்" என்று கூப்பிட்டாள். நாய் வரவில்லை. வாசலில் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூடக் காணோம்.

மொய்ராவின் சவ அடக்கத்துக்குப் போனபோதுகூட அந்த வாளி நிமிர்ந்தே இருந்தது. பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று எதற்குமே கவிழாத வாளி.

"சொல்லாமப் போயிட்டியா?" என்றாள். கேட்டிடம்தான் கேட்டாள்.

முட்டைக் கூடையைக் கேட்டுக்கு உள்ளே வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். யார் எடுப்பார்கள்? மறுபடி மேடேறி, கொட்டகையிலிருந்து நீளமான இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். வழக்கம் வழக்கம்தான். இந்த வாரம் உறைபனி விழும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். கோபம் இருக்கிறதென்று ஒருவன் வீட்டுக் குழாயை வெடிக்க விடமுடியாது.

சாவியைக் குழிக்குள் விட்டு வால்வின் தலையில் பொருத்தினாள். மற்ற வீடுகளை மூடும்போது "போயிட்டு வாங்க" என்று அவளுக்கு வாயில் தானாக வரும். வால்வு இறுகுகிற கணத்தில் சொல்வாள். பழக்கம். இன்றைக்கு வால்வு இறுகியது. வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் கீழேயிருந்து மேலேதான் போன் வந்திருக்கிறது. மேலேயிருந்து கீழே போனதில்லை. ஆறு மணிக்கு டெஸ்ஸின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. திரை மூடிய அறையில் அந்த மணி எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். சமையலறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவன் போன் இருக்கிறது. அதற்குக் கீழே ஜெட்டின் படுக்கை. மணி தானாக நிற்கும்வரை காதில் வைத்திருந்தாள்.

"மேல முக்கால்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். கரையோரத்தில் இருக்கிற பழைய ஹாலில் டீ அண்டா இரைந்துகொண்டிருந்தது. சிப்பிப் பண்ணைக்காரர்கள் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டுவிட்டுச் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். லாக்லன் ஒரு ஓரத்தில் தனியாக நின்றான். தலைவர் நாற்காலி காலி.

"டெஸ் எங்க ஆன்ட்டி? வரலயா?" என்றாள் டாங்கிவை. கரைப்பக்கத்து ஐந்து வீட்டுக்கும் அவள்தான் வாய். முப்பத்தைந்து வயதில் இரண்டு படகு, மூன்று பிள்ளைகள், ஊரையே அடக்குகிற குரல். போன இலையுதிர்காலத்தில் அவளுடைய கடைக்குட்டிதான் தண்ணீரால் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்காக அவள் நைரியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நைரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வரமாட்டான்" என்றாள் நைரி. "வாளி கவுந்திருக்கு."

"என்னது? டெஸ் வாளியா?"

"நேத்துப் பாத்தேன். கார் இல்ல, நாய் இல்ல. வால்வ மூடிட்டேன்."

"நெல்சன் போயிட்டாரா? கூட்டத்துக்கு முந்தின நாளா?" டாங்கிவை புருஷனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "நேத்து பூரா நாம படகுல இருந்தோம், நமக்கென்ன தெரியும்."

"இந்தக் கெழவன் சொல்லாம ஓடிட்டான் பாரு!" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மீட்டிங்குக்குப் பயந்தா, ஆன்ட்டிக்குப் பயந்தா?"

"ஆன்ட்டிக்குத்தான். தண்ணிய விட ஆன்ட்டிக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நைரியும் உதட்டை அசைத்தாள்.

டாங்கிவை தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கப்படி, கீழேயிருந்து மேலே, வீடு வீடாகக் கூப்பிட வேண்டும். "கீழ்வீடு, ட்ரெம்பாத். வாளி கவுந்திருக்கு. மேல்வீட்டுக்குப் போகுது. ஆன்ட்டி, என்ன சொல்றீங்க? விக்கலாமா, வேண்டாமா?"

நைரி வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. வேண்டாம் என்ற சொல்லைத்தான் வாரக்கணக்காக வாயில் வைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்லப் பார்த்தால், யாரைப் பிடித்துவைக்க என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. கட்டியிருந்த ஆடு போய்விட்டது, கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு என்ன செய்ய? டாங்கிவையின் கடைக்குட்டி மேஜைக்கு அடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"வித்துடலாம்" என்றாள்.

டாங்கிவை நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"வித்துடலாம்னா?"

"காது இல்லயா பொண்ணு உனக்கு? வித்துடலாம்."

"ஹார்ட்நெல் வீடு?"

"அதுவும்."

"அடுத்தது?"

"எல்லாத்துக்கும் அதான். ஒவ்வொண்ணா ஏன் கூப்பிடற, பல் பிடுங்கற மாதிரி. எல்லா வீட்டுக்கும் என் வீட்டுக்கும், வித்துடலாம்."

கரைப்பக்கத்து ஐந்து கையும் மேலே போயின. லாக்லன் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். நம்பமுடியாதவன் மாதிரி அவளைப் பார்த்தான். இரண்டு நாள் முன்னால் டீ கூடக் கொடுக்காதவள் அல்லவா.

அப்போது ஹால் கதவு படாரென்று திறந்தது.

"எந்தப் புண்ணியவதி என் வீட்டுத் தண்ணிய மூடினது?"

டெஸ். கம்பளித் தொப்பி போட்டிருந்தான். தொப்பிக்குக் கீழே, காதோரம், கழுத்தில் எல்லாம் வெள்ளை நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பின்னால் ஜெட் வாலை ஆட்டிக்கொண்டு நுழைந்தது.

"மீட்டிங்காச்சே, மனுஷனா வரலாம்னு தல குளிக்கறேன். கூரத் தொட்டில இருந்த மிச்சம் சோப்புப் போடற வரைக்கும் வந்துச்சு. அப்புறம் குழாய் இருமிச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல! ஒரு கண்ண மூடிட்டு அர மணி நேரமா போன் பண்றேன், மேல்வீட்ல யாரும் எடுக்கல. கார்ல வரும்போது ஸ்டீயரிங்லாம் நுர."

ஹாலில் சிரிப்பு வெடித்தது. நைரி சிரிக்கவில்லை. அவள் கை அண்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சூடு என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"உன் வாளி கவுந்திருந்துச்சு" என்றாள்.

"என் வாளியா? நான் ஏன் கவுக்கறேன்? முட்டிக்கு ஊசி போட டவுனுக்குப் போனேன். வியாழக்கிழமையே போனாத்தான் வெள்ளிக்கிழமை விடியகாலைல டோக்கன். நேத்து வர்றப்போ நல்லா இருட்டிப் போச்சு, வாளியெல்லாம் யாரு பாத்தா."

"எங்கிட்ட சொல்லல நீ."

"நீ எங்கூட சண்டல்ல போட்டிருந்த!"

ஓரத்திலிருந்து லாக்லன் தொண்டையைச் செருமினான். "அந்தக் கடைசி வீட்டு கேட்டா? அது... நான்தான்னு நெனக்கறேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"வியாழக்கிழமை மத்தியானம் சாண்ட்விச் சாப்பிட உட்கார எடம் இல்ல. கம்பத்துல வாளி இருந்துச்சு. எடுத்துப் போட்டு உக்காந்தேன். எழுந்திருச்சப்போ, வர்ற வழியெல்லாம் எல்லா கேட்லயும் கவுத்துத்தான வெச்சிருந்தாங்க, இதுவும் அப்படித்தான் இருக்கணும் போலன்னு... அழகா கவுத்து வெச்சிட்டுப் போனேன்."

"அழகா வெச்சாராம்!" பின்வரிசைக்காரன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "டெஸ், நீ ஊர விட்டுப் போயிட்டன்னு உன் ஓட்டையும் ஆன்ட்டியே போட்டுட்டாங்க!"

"போட்டாளா? என்னன்னு?"

"வித்தாச்சு" என்றாள் டாங்கிவை.

நைரி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்தாச்சு என்ற சொல் அவனிடம் போய்ச் சேர்ந்த அந்த ஒரு கணம். காய்ந்த நுரைக்குள் நெற்றிச் சுருக்கம் முழுக்க விட்டுப்போயிற்று. நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கிக்கொண்ட மாதிரி தோள் இறங்கியது. மறுகணமே, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து, அவன் முகத்தைச் சரிசெய்துகொண்டான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"இரு இரு" என்று டாங்கிவை கையைத் தூக்கினாள். "வாளி தப்பாக் கவுந்ததுல எடுத்த முடிவு இது. கீழ்வீட்டு ஓட்டு டெஸ்ஸுக்குத்தான். அத விடு. மத்த எல்லாமே ஆன்ட்டி, டெஸ் போயிட்டாருன்னு நெனச்சுப் போட்டது." அவள் நைரியைக் கூர்ந்து பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. நிறையவே புரிந்திருக்கவேண்டும். "மாத்திச் சொல்லணும்னா இப்பச் சொல்லலாம் ஆன்ட்டி. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம். வேண்டாம்னா வேண்டாம்."

ஒரு சொல்தான். வேண்டாம் என்றால் போதும், டெஸ் இங்கேயே இருப்பான். ஆறு மணிக்குப் போன் வரும். கோபமாக வரும், இரண்டு வார்த்தையாக வரும், ஆனால் வரும். டெஸ் ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊசி போட்ட காலைத் தரையில் முழுக்க ஊன்றவில்லை, நுனிவிரலால் தொட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா, நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்ல?" என்றாள் நைரி. "சொன்னது சொன்னதுதான். எழுதிக்கச் சொல்லு அந்த சாண்ட்விச்காரர."

பிறகு அண்டாவைத் திறந்து முதல் டீயைப் பிடித்து, லாக்லன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சர்க்கரை போடல. மேஜைல இருக்கு."

கூட்டம் கலைந்தது. சிப்பிக்காரர்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, டெஸ்ஸின் தொப்பியைத் தட்டிவிட்டு, "நெல்சன்ல ஷாம்பூ நல்லாக் கெடைக்கும்யா" என்று கத்திக்கொண்டே படகுக்குப் போனார்கள். டெஸ் மட்டும் வெளிச்சுவர்க் குழாயருகே நின்று தொப்பியைக் கழற்றினான். முடி முள்ளம்பன்றி மாதிரி விறைத்து நின்றது.

"அரிக்குது" என்றான். "வீட்ல நீ வால்வத் தொறந்து, காத்துப் போயி, தண்ணி வர்றதுக்குள்ள மண்ட புண்ணாயிடும்."

"குனி" என்றாள் நைரி. "நான் தொறக்கறேன். காலப் பாத்து."

அவன் சுவரில் கையை ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு, மெதுவாகக் குனிந்தான். குனிந்தவன் பாதியில் நின்றான்.

"நெஜமாவே நான் போயிட்டேன்னு நெனச்சியா?"

"கவுந்திருந்துச்சு."

"சொல்லாமப் போற ஆளா நான்?"

"எனக்கென்ன தெரியும்."

"நான் திரும்பி வந்தப்புறமும் நீ மாத்தல." அவன் தரையைப் பார்த்துத்தான் பேசினான். "வேண்டாம்னு சொல்லுவன்னு நெனச்சேன், நைரி. நான் கத்தறதுக்குத் தயாராத்தான் நின்னேன். நீ பெரிய மனசு பண்ணிட்ட. கார்ஸுக்கு இன்னிக்கே போன் பண்ணிடறேன். அடுத்த வாரமே வண்டி எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டிருந்தா."

"அடுத்த வாரமா?"

"முட்டி இந்த ஊசி தாங்கறப்பவே மூட்ட கட்டிடணும்ல. ஐயோ, கண்ணுல எறங்குது. தொற, தொற."

அவள் குழாயைத் திருகினாள். மலை ஓடையின் தண்ணீர், மே மாதத்துத் தண்ணீர், அவன் பின்னந்தலையில் விழுந்தது. "ஆத்தாடி!" என்று ஒரு கத்து கத்தினான். பிறகு இரண்டு கையாலும் தலையைக் கசக்கத் தொடங்கினான். தண்ணீர் அவன் காதுகளை மூடிக்கொண்டு வழிந்து, நுரையோடு சேர்ந்து கீழே இருந்த தகரத்தில் கொட்டியது. அந்தத் தகர இரைச்சலில் கடல் சத்தமே கேட்கவில்லை. நுரை முழுக்கப் போயிற்று. நைரி குழாயை மூடவில்லை. இன்னும் அரைச் சுற்று திறந்தாள். அந்த இரைச்சலுக்குள் சொன்னாள்.

"இந்தக் குளிர் மட்டும் முடியட்டுமே, டெஸ். செப்டம்பர் வரைக்குமாவது இருந்துட்டுப் போயேன்."